லோணாவளா பக்கம் உதித்த சூரியன்

கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி. ஜன்னல் திரையின் ஓரத்தில் சாம்பல் நிற வெளிச்சம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சமையலறையில் மனைவி வைஷு இல்லை, கூடத்தில் காவ்யாவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் புனே பக்கம் சிஞ்ச்வடில் அப்பா-பிள்ளை ஓட்டம். மூன்று கிலோமீட்டரும் கையைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் காவ்யா அதைப் பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். போன வருஷம் இதே ஓட்டத்துக்கு ஓவர்டைம் என்று நான் போகவில்லை. இந்த முறை வைஷு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “இதையும் கெடுத்தீங்கன்னா, இனிமே அவளுக்கு எந்த வாக்கும் குடுக்காதீங்க.”

கெடுத்துவிட்டேன். என்னை எழுப்பாமலே இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். எழுப்பினால் எரிந்து விழுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் தளேகாவில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், நைட் ஷிப்ட், மறுபடியும் காலை. எதையும் தினமும் ஒரே நேரத்தில் செய்தால்தான் நிலைக்கும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் ஷிப்டில் வேலை பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். காவ்யாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாலு அடி ஓட முடியாமல் நின்றுபோன அன்று, தினமும் ஓடுவது என்று முடிவு செய்தேன். காலை ஷிப்ட் வாரத்தில் அவள் டியூஷன் போன பிறகு ஓடினேன். மதிய ஷிப்ட் வாரத்தில் அவள் பள்ளி வேன் கிளம்பிய பிறகு. நைட் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து முன்னாடியே இறங்கி வீட்டுக்கு ஓடி வருவேன், அப்போதும் வேன் போயிருக்கும். வேலைக்கும் பங்கமில்லை, வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

இப்போது அந்தத் திமிர் எங்கே போனதென்று தெரியவில்லை. அரை டிராயரையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன். போனைத் தேடக்கூட நிற்கவில்லை.

வெளியே எல்லாம் பாதி கரைந்து கிடந்தது. மழைக்காலம் முடிகிற நேரத்து மேகம் தாழ வந்திருந்தது. தெருவிளக்கு எரிந்தது, ஆனால் அதன் வெளிச்சம் தரையைத் தொடவில்லை. ஆலமரத்தில் கிளிகள் ஒரே கூச்சல், கிளம்பப் போகின்றன என்று நினைத்தேன். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுகளுக்குத் தூக்கமே வராது என்று நினைத்தேன். காலையிலேயே வடாபாவ் வண்டியில் கூட்டம். கோயிலில் ஆரத்தி மணி அடித்தது. எல்லாம் எனக்கு ரொம்பத் தூரத்திலிருந்து கேட்டது. கால்கள் மட்டும் பழக்கத்தில் தாமாக ஓடின.

ஸ்டேஷனில் புனே லோக்கல் வந்து நின்றது. ஏறி வாசல் ஓரத்தில் நின்றேன். காவ்யா இந்நேரம் கூட்டத்தில் நின்று ஒவ்வொரு அப்பாவாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆள் வந்திருக்கும்.

மேகம் விலகியது. மலைக்கு மேலே சிவப்பாக, பெரிதாகச் சூரியன். மேற்கே, லோணாவளா பக்கம் உதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. தலைகீழாகிப்போன என் நாளில் அதுமட்டும் ஒழுங்காகக் கிழக்கில் வருமா என்றுதான் தோன்றியது. வயல்கள், கொட்டகைகள், தண்டவாளத்து ஓரப் புற்கள் எல்லாம் பொன்னாக மிதந்து போயின. இவ்வளவு அழகான காலையை நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

“அரே சபரி, அரை டிராயர்ல எங்கப்பா கெளம்பிட்டே?”

எங்கள் பெயின்ட் ஷாப் ஆரோக்கியசாமி அண்ணன். புனே கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். மடியில் டிபன் பை.

“ரேஸ்ணே. ஆறரைக்கு. பொண்ணு காத்துட்டு இருப்பா. தூங்கிட்டேன்ணே, போச்சு.”

“ரேஸ் சன்டேன்னுதானே சொன்னே?”

“ஆமா, இன்னிக்குத்தானே.”

அவர் என்னைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “டேய், இன்னிக்கு சனிக்கிழமடா. ஷாம் ஹோ கயி, சாயங்காலம்! அது உதிக்கல, எறங்குது.”

மறுபடி பார்த்தேன். இறங்கிக்கொண்டுதான் இருந்தது. காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன், சாயங்காலம் எழுந்து விடிந்துவிட்டது என்று ஓடி வந்திருக்கிறேன்.

“நம்ம பிளான்ட்ல எல்லாருக்கும் ஒருவாட்டி ஆகும்,” என்றார் அவர். “நான் சாயந்திரம் பல் வெளக்கி, குளிச்சி, டப்பா ஏன் கட்டலன்னு வீட்ல சண்டையே போட்டேன்.”

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். திரும்பிப் போகும் வண்டி வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லை. ரயில் பாதையை ஒட்டிய சாலையில் வீட்டை நோக்கி ஓடினேன். கையைவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையை யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் எதிரே வந்த எருமைக்குக்கூடச் சிரித்துக்கொண்டே வழிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் வைஷுவும் காவ்யாவும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். நாளைய ஓட்டத்துக்குப் புது சாக்ஸ் வாங்கப் போயிருக்கிறார்கள். நான் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் கிளம்பியிருக்கிறார்கள்.

வியர்வை வழிய, ஷூவோடு நிற்கிற என்னைக் காவ்யா பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அப்பா, என்னை விட்டுட்டு ரேஸ் ஓடிட்டு வந்துட்டீங்களா?”

“இல்லடா, ரேஸ் நாளைக்குத்தான். அப்பா லூசு மாதிரி...” நடந்ததைச் சொன்னேன். வைஷு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காவ்யா சிரிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“நீங்க ஓடி நான் பாத்ததே இல்ல.”

“தினமும் ஓடுறேனே கண்ணு.”

“நான் பாத்ததே இல்ல. எங்க கிளாஸ் கௌஷிக் கேட்டான், உங்கப்பாவுக்கு ஓடத் தெரியுமான்னு. பதா நஹி, தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

வைஷுவின் சிரிப்பு நின்றுவிட்டது. யாருக்கும் தொந்தரவில்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அவள் இல்லாத நேரமாகவே எடுத்திருக்கிறேன். அவளோடு ஓடத்தான் தொடங்கினேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகவே இருந்திருக்கிறது.

“இப்ப பாக்கறியா?” என்றேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெருக்கோடி வரை ஓடித் திரும்பி வந்தேன்.

“இன்னொரு வாட்டி.”

ஓடினேன். இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஏற்கெனவே ஓடி வந்த கால்கள் கெஞ்சின. ஆனாலும் இத்தனை மாதங்களில் இப்படிக் கவனமாக நான் ஓடியதில்லை. அவள் முன்னால் வந்து குனிந்து மூச்சு வாங்கினேன்.

காவ்யா கிட்டே வந்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வை விரலில் ஒட்டியது.

“நிஜமாவே ஓடுறீங்கப்பா,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பரவால்ல, நாளைக்கு நான் மெதுவா வரேன்.”