பச்சை மாக்கர்

மேசையில் விரித்திருந்த பெரிய டிமை தாளின் இடது பக்கம் நிறைந்துவிட்டது. சந்தியிலிருக்கும் கபூர் நானாவின் கடைக்கு ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் சரிவரும் கணக்கு, படமாகப் போட்டிருந்தோம்: காசு போடும் லாச்சி, பிஸ்கட் தகரம், தராசு, ஓட்டைச் சைக்கிள். எல்லாம் கடையின் சொத்து. கடன்களும் நானா போட்ட முதலும் வரவேண்டிய வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அது யோகமலரின் பக்கம்.

நஸ்லின் மிஸ் மாவனல்லையிலிருந்து றக்வானைக்குக் கணக்கீடு படிப்பிக்க வந்தபோது போட்ட சட்டம் இது. குழுவில் ஆளுக்கொரு நிறத்தில் மாக்கர் பேனா. ஒருவருடைய நிறத்தில் இன்னொருவர் எழுதக் கூடாது. யார் சும்மா இருந்தார் என்பது தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எனக்கு நீலம், ஸ்ரீதரனுக்குச் சிவப்பு, யோகமலருக்குப் பச்சை. அந்த மாக்கரை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவாள், அவ்வளவு பெருமை கழுதைக்கு. என் கூட்டுத்தொகையும் அவளுடையதும் சரிவந்தால் இரண்டு பேரும் மேசையில் ஓங்கித் தட்டுவோம்.

பதினொரு நாளாக அவள் வரவில்லை. அவள் அப்பாவுக்குக் கால் முறிந்ததிலிருந்து வீட்டில் ஒரு சம்பளம்தான். அவளுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை சரிவந்திருக்கிறதாம். உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இன்று இரண்டு மணிதான் கடைசி. "வருவேன்டி, என் பக்கத்த யாருக்கும் குடுத்துறாத" என்று போனில் சொல்லியிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், எப்படியாவது அவளைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம் என்று நம்பினேன்.

"ஜீவராணி, நீயே எழுதி முடியேன். ஐந்தொகை ஒத்தப் பக்கத்தோட நிக்குமா?" என்றான் ஸ்ரீதரன்.

"வாய மூடு. பஸ்ஸு இன்னும் வரல."

ஒன்றரைக்கு பஸ் வந்தது. இறங்கியது அவளுடைய அம்மா, மருதாயி அத்தை. வகுப்பு வாசலிலேயே நின்று என்னைக் கையால் கூப்பிட்டார்.

"காலையில கொழும்புக்குப் போற மொத பஸ்ஸுல அவள ஏத்திவிட்டுட்டேன் புள்ள. இத ஒங்கிட்ட குடுக்கச் சொன்னா."

பச்சை மாக்கர். மூடியில் அவள் கடித்த பல்தடம்.

"அழுதாளா அத்தை?"

"திரும்பியே பாக்கல."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிட, அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும்போல் இருந்தது.

இரண்டு மணிக்கு மிஸ் விண்ணப்பங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கள் மேசையருகே நின்று, "பச்சை வந்துட்டுதானே, எழுதுங்க புள்ள" என்றார்.

மாக்கரைத் திறக்காமல் அவள் இடத்தில் வைத்தேன். ஸ்ரீதரன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வலது பக்கம் முழுவதையும் பென்சிலால் அழுத்தாமல் எழுதினேன். இரண்டு பக்கமும் சரிவந்தது. யாரும் மேசையைத் தட்டவில்லை.