பச்சைத் தண்ணீர்

அந்த ஆடி மாதம் ஜேடர்பாளையத்தில் வாந்திபேதி கண்டபோது, நோயாளிகளைப் போட்டுவைக்க ஊர் எல்லைக்கு வெளியே, ஆற்றோரத் தென்னந்தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, எவன் வருவான்? களையெடுக்கப் போகிற அத்தாயியைக் கூப்பிட்டு, இனி நீதான் நர்சம்மா என்று நிறுத்திவிட்டார்கள்.

சேலத்து டாக்டர் வந்து அவளுக்குப் பாடம் சொன்னார். பாடமா அது! வண்டிமாட்டைக்கூட அவிழ்க்காமல், மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றே சொன்னார்: "காய்ச்சின தண்ணிதான் கொடுக்கணும். பச்சைத் தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. புரிஞ்சுதா?" அத்தாயி தலையாட்டினாள். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெரிய மனுஷரை எதிர்க்கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கமா என்ன?

கொஞ்ச நாளில் கொட்டகையில் கிடந்த கிழவர் அம்மாசி தாகம் தாங்காமல் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செத்தார். டாக்டர் எல்லோர் முன்னாலும், "நீதாண்டி கொன்னே" என்று கத்தினார். அதற்குப் பிறகு கொதிக்காத தண்ணீரை அத்தாயி யாரையும் தொடவிட்டதில்லை.

அப்புறம் அவள் தம்பி சென்றாயனையே கட்டிலோடு தூக்கிவந்தார்கள். ஆத்தா செத்ததும் அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அன்றைக்கென்று பார்த்து விடாத மழை. கீற்று ஒழுகி அடுப்பு அணைந்தது. தீப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது. அத்தாயி ஓட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு நெருப்புக் கங்கு வாங்க ஊருக்குள் ஓடினாள்.

பண்ணையக்காரி பாப்பாயி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். கெட்டவளில்லை, அவள் கண்ணும் கலங்கியது. ஆனால் நோய் தணிய மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்பு அவிழ்க்கும்வரை ஊர் நெருப்பு எல்லை தாண்டக் கூடாது.

"ரெண்டு கங்கு போதுமுங்காத்தா. தம்பிக்குத் தண்ணி காய்ச்சோணும்."

"என்ர கையிலியா இருக்குது? நெருப்பு வெளிய போனா மாரியாத்தா ஊரையே அள்ளிக்குவா. போயிரு சாமி."

எல்லா வாசலிலும் இதே பேச்சுதான். நாசமாய்ப் போன காப்பு!

வெறுஞ்சட்டியோடு திரும்பினாள். சென்றாயன் கண் குழிக்குள் போயிருந்தது. "அக்கா, தண்ணி," என்றான். பக்கத்துக் கட்டிலில் பொன்னாயியும் அதையேதான் முனகினாள். எதிரிலோ காவேரி கரைபுரண்டு போகிறது.

"பொறுத்துக்க சாமி. பச்சத்தண்ணி குடிச்சாச் செத்துப்போயிருவ."

அவன் கட்டிலைவிட்டு உருண்டு ஆற்றைப் பார்த்து நகர்ந்தான். அத்தாயி காலைப் பிடித்து இழுத்துவந்தாள். "நீயெல்லாம் ஒரு அக்காளா?" என்று கேட்டான். ஆனாலும் அவள் பிடியை விடவில்லை. பொழுது சாயும்போது கேட்கவும் தெம்பில்லாமல் அவள் மடியிலேயே அடங்கிப்போனான்.

அப்போதுதான் டாக்டர் வண்டி வந்தது. நாடியைப் பார்த்தார், காய்ந்த நாக்கைப் பார்த்தார். "தண்ணி என்ன கொடுத்தே?"

"ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலீங்க சாமி. காய்ச்ச நெருப்பில்லீங்க." சொன்னபடி நடந்துவிட்டோம் என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்ததே, அதை எங்கே போய்ச் சொல்வது!

"அடிப்பாவி! உடம்புல தண்ணி வத்தித்தான் செத்திருக்கான். காய்ச்ச முடியலேன்னா இளநி வெட்டி ஊத்தியிருக்கக் கூடாதா? தலைக்கு மேலே தொங்குதே!"

அத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். குலைகுலையாய்த் தொங்கின.

"நீங்க சொல்லலீங்களே."

டாக்டர் வண்டிக்காரனை அவசரமாக மரத்தில் ஏற்றினார். அத்தாயி தம்பியின் தலையைப் பாயில் இறக்கினாள். முதல் இளநீரைப் பொன்னாயி வாயில் ஊற்றினாள். பிறகு போய் வண்டிமாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க சாமி. எது வேணும், எது ஆவாது, ஏன் ஆவாதுன்னு எல்லாஞ் சொல்லுங்க. சொல்லாம வண்டியேற உடமாட்டேன்."