பிரேமிளாவின் போனில் வந்த மன்றாட்டு

சிவதர்சினி செய்தது ஒரு வரிப் பிழை. அதை அவளே சொல்வாள். அந்த ஒரு வரியால் யாருடைய மனம் வெந்தது என்று மட்டும் கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள்.

நானாட்டானில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை அவள். வங்காலைக்குப் பக்கத்துக் கரையூருக்கு, கொன்ஸ்ரன்ரைனைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஞானஸ்நானம் எடுத்தாள், செபங்களைப் பாடமாக்கினாள், திருக்கை மீன் வெட்டக்கூடப் பழகினாள். என்ன செய்து என்ன? மாமியார் மரியம்மாவுக்கு அவள் இன்னும் 'அந்த நானாட்டான் பிள்ளை'தான். தன்னையும் வீட்டு ஆளாக மாமி எண்ணவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணையச் செயலி எழுதுவது அவளுடைய தொழில். மாதாவுக்கு ஒன்பது நாள் செபிக்கிற நவநாள் வரப்போகிற நேரம் தோமஸ் ஃபாதர் அவளைக் கூப்பிட்டார். சனம் வேண்டுதல் எழுதிப்போடுகிற கோயில் மன்றாட்டுப் பெட்டியைக் கிண்டி வாசிக்கிற கெட்ட பழக்கம் ஊரில் வந்துவிட்டதாம். போனில் எழுதினால் தனக்கு மட்டும் வரும்படி ஏதாவது செய்யலாமோ என்று கேட்டார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே பார்க்கப்போகிற வேலை, மாமியும் பார்ப்பா!

செயலியில் ஒரு பகுதி மன்றாட்டை வாங்கும். இன்னொரு பகுதி, எழுதியவருக்கே பெயரோடு அதைத் திருப்பிக் காட்டி, கிடைத்தது என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே அந்தப் பெயரையும் சொற்களையும் ஏந்திக்கொண்டுபோக 'மாறி' என்கிற ஒரு பாத்திரம் வேண்டும். ஒவ்வொருவர் அனுப்பும்போதும் அவரவர் கோரிக்கையோடு சேர்த்துத்தான் அதைக் கட்டியனுப்பவேண்டும். அவசரத்தில் இவள் அதை வெளியே, எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டாள். பந்தியில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கோப்பையில் சோறு போட்ட கதை. ஒருத்தர் மட்டும் சாப்பிட்டால் பிழை தெரியாது; பலர் ஒன்றாகக் கைவைத்தால்தான் ஒருத்தரின் சோறு இன்னொருத்தருக்குப் போகும். இவளும் தனியே இருந்துதான் சோதித்துப் பார்த்தாள். எல்லாம் அச்சாவாக வேலை செய்தது.

ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தலைச் சொன்னார். "இதைச் செய்து தந்தது எங்கட மரியம்மாவின்ர மருமகள்" என்றார். முன்வரிசை வாங்கில் இருந்த மரியம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தா. சத்தியமாகச் சிரித்தா. சிவதர்சினிக்கு அழுகை வந்துவிட்டது.

கரையூர்ச் சனத்துக்கு ஒரு குணம். ஃபாதர் பீடத்திலிருந்து ஒன்றைச் சொன்னால், வீட்டுக்குப் போய்ச் செய்வோம் என்றிருக்காது. கோயில் வாசலைத் தாண்டமுன்னமே அத்தனை பேரும் போனை எடுத்து, முழு ஊரும் ஒன்றாக எழுதி, அனுப்பும் பொத்தானை ஒன்றாக அமத்தியது. தனக்கு வந்ததைப் பக்கத்து வீட்டுப் பிரேமிளா உரக்க வாசித்தாள். அவளுக்கு எதையும் மனதுக்குள் வாசிக்கத் தெரியாது.

"மரியம்மா, உங்கள் மன்றாட்டு கிடைத்தது. மாதாவே, என்ர மகன் அந்த நானாட்டான் பிள்ளையை விட்டிட்டு வரவேணும். எங்கட ஆக்களுக்குள்ள அவனுக்கு ஒருத்தியைக் காட்டித் தா..."

முடிக்கும்போதுதான் பிரேமிளாவுக்கு உறைத்தது. "ஐயோ, என்ர மாதாவே!" என்று வாயைப் பொத்தினாள். மரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டு விறுவிறென்று நடந்தா. சிவதர்சினிக்கு முதலில் வந்தது அழுகையில்லை, மாறியின் ஞாபகம். எங்கே பிழைத்தாள் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் நெஞ்சு எரிந்தது.

வீட்டில் கொன்ஸ்ரன்ரைன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "மெசின்தான் பிழையா எழுதினது எண்டு ஃபாதரிட்டச் சொல்லு."

"மெசின் ஒருத்தற்ற சொல்லை இன்னொருத்தருக்குக் குடுக்கும். தானா ஒண்டும் எழுதாது."

"அது எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாதுதானே? அம்மா எப்பிடி இனிக் கோயிலுக்குப் போறது?"

நீ எப்படிப் போவாய் என்று தன்னையும் அவன் கேட்பானா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. சரி, போகட்டும் என்று ஃபாதரிடம் போனாள். அங்கே நின்ற பெண்களின் முன்னாலேயே பொய்யைச் சொன்னாள். சனத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. நானாட்டான்காரி கொம்பியூட்டரை வைத்து மரியம்மாவின் பெயரைக் கெடுத்துப்போட்டாள் என்று கதை மாறியது. அன்று வந்த மன்றாட்டெல்லாம் குழம்பிக் கிடந்ததால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு எல்லாரும் புதிதாக எழுதட்டும் என்றார் ஃபாதர்.

அவள் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். மாறியை வெளியிலிருந்து எடுத்து, அவரவர் கோரிக்கைக்குள்ளேயே வைத்தாள். இந்த முறை அயலிலுள்ள போன்களையெல்லாம் வாங்கி, ஒன்றாக அமத்திச் சோதித்தாள். ஒன்றும் மாறிப் போகவில்லை.

அதுவரை அவளோடு கதையாமல் இருந்த மரியம்மா, அன்று பின்னேரம் போனும் கையுமாக வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. ஒரு மன்னிப்பு, இல்லாவிட்டால் ஒரு ஏச்சாவது வரும் என்று சிவதர்சினி காத்திருந்தாள்.

"இப்ப சரியாக்கிப்போட்டியோ?"

"ஓம் மாமி."

"ஒருத்தற்ற ஒருத்தருக்குப் போகாதோ? வடிவாப் பாத்தனியோ?"

"போகாது மாமி. ஃபாதருக்கு மட்டுந்தான் போகும்."

மரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டா. "அண்டைக்கு எழுதினதை அழிச்சுப்போட்டினமாம். இனி அதையே திரும்ப எழுதவேணும்" என்று போனை அவள் பக்கம் நீட்டினா. "எங்க அமத்திறது? காட்டு."

சிவதர்சினி விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.