கோமதியம்மாள் வீடு இன்று எவ்வளவு ஆழம்

பங்குச் சந்தை இறங்கினால் கோமதியம்மாளின் வீடும் தரைக்குள் இறங்கும். ஏறினால் ஏறும். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று, வந்ததையெல்லாம் பங்கில் போட்ட நாளிலிருந்து பாளையங்கோட்டையில் இதுதான் நடைமுறை. பயந்து பங்கை விற்றுவிட்டால் வீடு அந்த ஆழத்திலேயே நின்றுவிடும்.

போடச் சொன்னவன் ஆவுடையப்பன். பங்குத் தரகர் அலுவலகத்தில், சந்தை எப்படிப் போகும் என்று தினமும் காலையில் சொல்வது அவன் வேலை. அவன் சொல்லி முடித்ததும் சுவர்ப் பல்லி சத்தம் கொடுக்க வேண்டும். எல்லோரும் விரலால் மேசையைத் தட்டுவார்கள். பிறகுதான் கணிப்பு செல்லுபடியாகும். பல்லிக்குத் தனி அறை உண்டு. அவனுக்கு இல்லை. அதில் அவனுக்கு வருத்தம்தான்.

அன்று பல்லி வரவில்லை. அதன் வால் மட்டும் மேசையில் கிடந்து துடித்தது. வாடிக்கையாளர்கள் வாலையே பார்த்தார்கள். ஒருவர் அது துடிப்பதை வரைபடமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"துடிக்கது வாலுதான். பல்லிக்கு ஒண்ணும் ஆயிருக்காது," என்றான் ஆவுடையப்பன். யாரும் மேசையைத் தட்டவில்லை.

கோமதியம்மாள் போனில் வந்தாள். "ஏய்யா, இன்னைக்குத் தண்ணித் தொட்டி மட்டுந்தான் வெளிய தெரியுது. வித்துரட்டுமா?"

"விக்காதீங்கக்கா. நான் வாரேன்."

அவன் போனபோது அவள் தொட்டி மூடியின்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் போன வாரமே விற்றுவிட்டார். அவர் வீட்டின்மேல் பேட்மிண்டன் நடந்தது. அவரும் ஆடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருக்கது இந்த ஒரு வீடுதான்யா."

அப்போதும் அவனுக்கு நம்பிக்கை போகவில்லை. நம்பிக்கை அவனுக்குப் பிறவிக் கோளாறு.

"அஸ்திவாரம் நல்லா இருக்குக்கா. வீடு இடியல. இறங்கித்தான் இருக்கு. ஏறும்."

"பல்லி சொல்லிச்சா?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "இன்னும் இல்ல."

தொட்டி மூடி வரைக்கும் மண் வந்தது. கோமதியம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, விற்பதற்காகப் போனை எடுத்தாள்.

கீழே அடுப்படிச் சுவரில் பல்லி சத்தம் கொடுத்தது. பழக்கதோஷத்தில் இருவரும் மூடியைத் தட்டினார்கள்.

தொட்டி ஒரு சாண் மேலே வந்தது. அதன்பின் மாடிப்படியின் உச்சிப் படி தெரிந்தது.

"ஒரு படிதானய்யா," என்றாள்.

"எந்த வீட்லயும் ஒவ்வொரு படியாத்தானக்கா ஏறணும்."

அவள் போனை இடுப்பில் செருகினாள். "சரி, கீரை வாடுது. சாப்பிட்டுட்டுப் போ."

மண்ணைத் தள்ளி வழி செய்துகொண்டு இருவரும் உள்ளே இறங்கினார்கள். அடுப்படி கும்மிருட்டு. விளக்கைப் போட்டதும், வால் இல்லாத பல்லி மேலதிகாரிபோல ஆவுடையப்பனைப் பார்த்தது. அவன் வணக்கம் வைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே மண் மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. கோமதியம்மாள் உலை வைத்தாள். வெளிச்சம் வரும்போது வரட்டும் என்று ஜன்னல் திரையை முழுதாக விலக்கிவிட்டாள்.