யாரோ உட்கார்ந்த நாற்காலி

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் லாரி இல்லை.

டிரைவர் தன் வண்டியின் முகத்தைப் போட்டோ எடுத்து அதில் வைத்திருந்தான். காலையில் சுவிட்சைத் தட்டினால் முதலில் வருவது அதுதான். இன்றைக்கு வெறும் நீலம். ஓரத்தில் என்னவோ எழுதிக்கொண்டு ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ரோட்டோரப் பலகை தவிர எதையும் நின்று படிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பெருக்கல் குறியை அமுக்கி அதைத் துரத்திவிட்டு லாரி ஓட்டுகிற கேமைத் திறந்தான்.

உங்கள் பெயர் என்ன என்று அது கேட்டது.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய கம்பெனியில் வாட்ச்மேன் வாசலில் மறித்து, நீ யாருப்பா என்று கேட்டது மாதிரி இருந்தது. மூடித் திறந்தான். திரும்பவும் பெயர் கேட்டது. அவன் வாங்கிச் சேர்த்த லாரிகள் இல்லை, வேலைக்கு வைத்த டிரைவர்கள் இல்லை, ஓட்டிய தூரம் இல்லை. ஒரு ஓட்டை வண்டியில் தொடங்கி, சுமை ஏற்றி ஊர் ஊராக இறக்கி, பார்த்துப் பார்த்து வளர்த்த கம்பெனி. ராத்திரியோடு ராத்திரியாக எவனோ துடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எவனோ கை வச்சிட்டான்" என்றான்.

சமையல் மேடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள். "எவன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அதை அவன் மனதில் குறித்துவைத்துக்கொண்டான்.

சந்தேகம் இன்றைக்கு வந்ததல்ல. நாற்காலியில் வந்தது. அது கைப்பிடியை இழுத்தால் ஏறி இறங்குகிற நாற்காலி. லாரி சீட்டை வைப்பது போலவே முழங்கால் மடிகிற அளவுக்குச் சரியாக வைத்திருப்பான். டிரைவருக்குத் தன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து எழுந்தால் தெரியாமல் போகாது. பெண்டாட்டி புடவை மாற்றியது தெரியாமல் போகலாம். கொஞ்ச நாளாகவே, முதுகுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போய்த் திரும்புகிற நாளெல்லாம் சீட் ஒரு பிடி ஏறியிருந்தது. சீட் இருக்கிற உயரத்திலேயே மனைவியின் கால் தரை தொடாது. ஏற்றி உட்கார நீளக்கால் வேண்டும். அந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களில் நீளக்கால் ஒருவனுக்குத்தான்.

அவள் அண்ணன். லாரி நிற்கும் யார்டில் அவனுக்குக் கம்பம் என்று பெயர். டிரைவரைவிட ஒரு வயது மூத்தவன், நெட்டையன். இப்போது டிரைவரின் லாரியை ஓட்டுகிறவனும் அவன்தான்.

போன வருஷம் யார்டில் ஒரு வண்டி பின்னால் வந்தது. ஓட்டியவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சுவருக்கும் வண்டியின் பின்கதவுக்கும் நடுவில் டிரைவர் மாட்டிக்கொண்டான். முதுகில் தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், நிற்கலாம், குலுங்குகிற சீட்டில் மட்டும் உட்காரக்கூடாது என்றார் டாக்டர். சும்மா கிடந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தவனுக்காக மனைவி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டாள். லாரியைத் தெரியாத ஆள் கையில் கொடுக்க மனசில்லாமல் அவனே மேனேஜரிடம் மச்சானைச் சொல்லிவிட்டான். ஓட்டிப் பார்க்கட்டும் என்று சேர்த்துக்கொண்ட மேனேஜர், இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். "நீ சொன்னா உன் மச்சானை நிரந்தரமா வச்சிக்கிறேன். வேணாம்னா வேற ஆள் பாத்துக்கிறேன்."

இன்றைக்குச் சனிக்கிழமை.

"வியாழக்கிழமை உங்க அண்ணன் வந்தானா?"

"தண்ணி குடிக்க வந்திருப்பாரு."

"வந்திருப்பாரா, வந்தாரா?"

"வந்தாரு."

"நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதிலிருந்து திரும்புற வரைக்கும் தெருமுனையில வண்டி நின்னுச்சாம். கீழ்வீட்டுக்காரர் சொன்னாரு. அவ்வளவு நேரம் தண்ணி குடிச்சா அவன் என்ன டேங்கரா?"

"வீட்டுக்கு வந்த மனுஷன் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகக் கூடாதா?"

"பேசட்டும். நாற்காலியில ஏறி உக்காந்து ஏன் பேசணும்?"

அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். அவனுக்கு உறுதியாகிவிட்டது.

"வண்டிய எடுத்துக்கிட்டான், சரி, நானாக் குடுத்தேன். இதையும் விட்டு வைக்கலன்னா எப்படி? மேனேஜர் கேக்கட்டும். சொல்லிக்கிறேன்."

அவள் கை நின்றது. "ஒரு விளையாட்டுக்காக ஒரு குடும்பத்து வயித்துல அடிப்பீங்களா?"

"உனக்கு விளையாட்டு. எனக்கு இப்ப ஓடுறது அது ஒண்ணுதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அண்ணனுக்குத்தான் தகவல் போகிறது என்று அவன் காதைத் தீட்டினான். போனது சார்ஜருக்கு.

சார்ஜர் தெருமுனையில் செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற பெண். எந்தக் கோளாறோடு போனாலும் முதலில் சார்ஜரைத்தான் மாற்றச் சொல்வாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்தாள்.

"என்னண்ணே, கம்பெனி திவாலாமே."

"கொள்ளை போயிருக்கு. திவால் வேற."

அவள் உட்காரும் முன் நாற்காலியை இறக்கினாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு விரலையும் பார்த்தான். கூப்பிட்டது மனைவி. இரண்டு பேரும் சேர்ந்துகூட எதையாவது மூடிமறைக்கலாம்.

"அது என்ன? எதுக்கு அதைத் திறக்கிற?"

"அண்ணே, கழுத்துல மூச்சு விடாதீங்க. கூசுது."

அணைத்துத் திரும்பப் போட்டாள். காலையில் வந்த அதே பெட்டி ஓரத்தில் வந்தது.

"இதைப் படிச்சீங்களா?"

"அது தினம் ஏதாவது சொல்லிக்கிட்டிருக்கும்."

"இன்னிக்குச் சொன்னது முக்கியம். உங்க கணக்கைத் திறக்க முடியலையாம். தற்காலிகக் கணக்குல விட்டிருக்கேன்னு சொல்லுது. புரியலையா? உங்க வீட்டுச் சாவி திரும்பல. அதனால விண்டோஸ் உங்களை லாட்ஜ் ரூம்ல தங்க வச்சிருக்கு. லாட்ஜ்ல உங்க பீரோவைத் தேடினா இருக்குமா?"

"வீடு?"

"வீடு வீடாத்தான் இருக்கும். பாப்போம்."

சி டிரைவைத் திறந்தாள். அதற்குள் பயனர்கள் என்றிருந்த ஃபோல்டர். அதற்குள் ஒன்று இன்றைக்கு முளைத்தது, காலி. பக்கத்திலேயே அவன் பேரில் பழையது. அதில் டாக்குமெண்ட்ஸ், அதில் கேமின் ஃபோல்டர், அதில் சேமித்ததெல்லாம் வரிசையாக. ஒன்றும் போகவில்லை. சார்ஜர் முதல் வேலையாக அத்தனையையும் பென் டிரைவில் நகல் எடுத்தாள். "முதல்ல சாமானை வெளிய எடுத்து வச்சிருவோம். பூட்டை அப்புறம் ரிப்பேர் பண்ணலாம்."

அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"யார் செஞ்சது இது?"

"யாரும் எதையும் அழிக்கல. ஆமா, நீங்க இதை எப்படி அணைப்பீங்க?"

அவன் கொஞ்சம் பெருமையோடுதான் சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டினான். "அங்கதான். வண்டிய நிறுத்தினா பேட்டரி சுவிட்சை அணைச்சிட்டுத்தான் இறங்கணும். ஒயர் உரசித் தீப்பிடிச்சா எவன் பதில் சொல்றது? இத்தனை வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல."

"இது ஓடிக்கிட்டிருக்கும்போதேவா?"

"வேலை முடிஞ்சதும்."

சார்ஜர் அவனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க வேலை முடிஞ்சிருக்கும். அதோட வேலை? உள்ள சரக்கு இறக்கிக்கிட்டிருக்காங்க, நீங்க ஷட்டரை இழுத்துச் சாத்துறீங்க. தினம். இத்தனை நாள் தாக்குப் பிடிச்சதே பெருசு. ராத்திரி சாத்தினதுல பூட்டு நசுங்கிப்போச்சு."

திருடன் யாரென்று தெரிந்த பிறகும் மனைவி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை. நாற்காலி எப்படி ஏறியது?

சார்ஜர் உள்ளே எதையோ திருத்தி மறுபடி ஓடவிட்டாள். லாரியின் முகம் திரையில் வந்தது. கேமைத் திறந்து, "எதைப் போடட்டும்? இங்க ஏகப்பட்டது இருக்கே" என்றாள்.

"தொடரும்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்கு. நான் வேற எதையும் தொட்டதில்ல."

"நீங்க தொடலன்னாலும் கேமே அப்பப்ப ஒண்ணு எடுத்து வச்சுக்கும். பாருங்க, படத்தோட."

பார்த்தான். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே குடோன் வாசல், ஒரே வண்டியின் பின்பக்கம், கோணல் மாணலாக. பக்கத்தில் கிழமையும் நேரமும். வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை. எல்லாம் அவன் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த நேரம்.

"டீ போடட்டுமா?" என்றாள் மனைவி, கொஞ்சம் சத்தமாக.

சார்ஜர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "கடையை அரைக்கதவோட விட்டுட்டு வந்தேன் அக்கா. பென் டிரைவ் அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தான். வந்தவன் நல்ல லாரிகளைத் தொடவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த முதல் வண்டியை, அந்த ஓட்டை வண்டியைத்தான் எடுத்திருக்கிறான். எந்த ஊருக்கும் போகவில்லை, சுமை ஏற்றவில்லை. யார்டை விட்டு வெளியிலேயே வரவில்லை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு, குடோன் வாசலுக்குப் பின்னால் எடுக்கப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். ஒன்றில் டிரெய்லர் மடங்கிப்போய் எஞ்சினோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றது. ஒன்றில் தூணில் இடித்துச் சாய்ந்திருந்தது. டிரெய்லரின் வால் வலது பக்கம் போக ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும். இவன் ஒடித்திருக்கிறான், ஆனால் நேரம் கழித்து, அளவுக்கு மேல். எல்லாவற்றிலும் அதே தப்பு.

"பின்னாடி எடுக்க வரல அவனுக்கு" என்றான்.

மனைவி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "முன்னாடி ஓட்டினதெல்லாம் சின்ன வண்டிதானே. டிரெய்லர் இதுதான் முதல் தடவை."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டயா? கேட்டா யார்டு பூரா சிரிக்கிற மாதிரி நாலு வார்த்தை விடுவீங்க. வெக்கம் அவருக்கு. யார்டுக்கு உள்ள வரும்போது டீ குடிக்கப் போறேன்னு சாவிய வேற யார் கையிலயாவது குடுத்து எடுக்க வைக்கிறாரு. இங்க வந்து பழகிப் பாப்பாரு. போறப்ப உங்களோடதை எடுத்த மாதிரியே வச்சிட்டுத்தான் போவாரு. நாற்காலியை இறக்க மட்டும் மறந்துடுவாரு."

அவன் கை தானாக முதுகுக்குப் போயிற்று. அன்றைக்கு வண்டியின் பின்கதவு நெருங்கி வந்தபோது அது எவ்வளவு மெதுவாக வந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. கத்தினான். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. இப்போது அதே யார்டில் பின்னால் எடுக்கத் தெரியாத ஒருவன், அவன் வண்டியில், அவன் சொல்லி ஏறியவன்.

மேனேஜர் பேசும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மனைவி கதவோரம் நின்றாள்.

"முன்னாடி போறதுல உன் மச்சானைக் குறை சொல்ல முடியாதுப்பா" என்றார் மேனேஜர். "ஆனா உள்ள வந்தா ஆளைக் காணோம். எவனோ எடுத்து விடுறான். எனக்கு என்னமோ இடிக்குது. நேராவே கேக்கிறேன். அவனுக்குப் பின்னாடி எடுக்கத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று சொன்னால் மச்சான் பிழைத்தான். பின்னால் நிற்கிறவன் பிழைப்பானா என்பது வேறு. தெரியாது என்றால் மச்சான் வீட்டோடு. மனைவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிப் போடு. சரி, வேற ஆள்..."

"இருங்க, பேசிக்கிட்டிருக்கேன். முன்னாடி அவன் ஓட்டட்டும். பின்னாடி எடுக்கிறப்ப நின்னு கை காட்ட ஒரு ஆள் போடுறேன்னு எனக்கு அடிபட்டப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னீங்க. போட்டீங்களா?"

மறுமுனையில் இருமல்.

"நான் வரேன். உக்காரத்தான் கூடாது. நிக்கலாம்."

"நீயா? அந்தச் சுவத்துக்கிட்டயா?"

"அங்கதான்."

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. என் கண் முன்னாடி எடுத்துக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றாள் மனைவி.

"அவன் எடுக்கிறதை நான் பாக்காம இருந்தாத்தான் பயம்."

விளக்கு போடுகிற நேரத்துக்குக் கம்பம் வந்தான். தங்கச்சி போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். நிலைப்படி இடிக்காமல் தலையைக் குனிந்தவன் உள்ளே வந்த பிறகும் நிமிரவில்லை.

"மாப்ள, சத்தியமா நான் எதையும் அழிக்கல."

"தெரியும். அழிச்சவன் வேற ஆள். உக்காரு மச்சான், சீட் தெரிஞ்ச சீட்தானே."

"அந்தத் தூண்ல இடிச்சது..."

"பாத்தேன். படம் புடிச்சே வச்சிருக்கு உன் மானத்தை."

கம்பம் சிரிக்கலாமா என்று தங்கச்சியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் உட்காராமல் நின்றான்.

"திங்கக்கிழமை உனக்குப் பின்னாடி நான் நிக்கிறேன். கண்ணாடியில நான் தெரியலன்னா என்ன பண்ணுவ?"

"நிறுத்திடுவேன்."

"தெரிஞ்சா?"

கம்பம் யோசித்தான். "அப்பவும் நிறுத்தி நிறுத்தித்தான் எடுப்பேன் மாப்ள. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

"ம்" என்றான் டிரைவர். அன்றைக்குக் கேட்டதில் அவன் நம்பிய முதல் பேச்சு அது.

மச்சான் போன பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சார்ஜர் காட்டிவிட்டுப் போன இடத்தில் அமுக்கினான். அணைகிறது என்று எழுத்து வந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கை பழக்கத்தில் சுவர் சுவிட்சுக்குப் போய், தொடாமல் நின்றது.

"இன்னுமா சரக்கு இறக்கிக்கிட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"பேசாம இரு."

திரை இருண்டது. பெட்டியின் விளக்கும் போயிற்று. அதையும் நம்பாமல் குனிந்து, உள்ளே விசிறி நின்றுவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டான். பிறகுதான் சுவிட்சை அணைத்தான்.