வித்துவானுக்குக் காற்று ஆகாது

வித்துவான் ஒரு கேனரிக் குருவி. மஞ்சள் நிறம். ஒரு வயது நிறையவில்லை.

அதை வளர்த்தவள் வீட்டு முன்னறையில் துணி தேய்த்துக் கொடுக்கிறவள். கூண்டு மேசைக்குப் பக்கத்தில் தொங்கியது. இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டால் குருவி பாடத் தொடங்கும். பெட்டியை நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். பெயர் வைத்தது அவள் புருஷன். பஸ் ஓட்டுகிறவன். "கூலி கேக்காத வித்துவான்" என்பான்.

ஒரு நாள் காலையில் பாடியது. மத்தியானம் கூண்டின் அடியில் கிடந்தது, அலகைத் திறந்தபடி.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்போடு வந்தார்கள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான் முதலில்.

"குருவிதானே அண்ணி. ஆளே போயிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க."

அவள் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்தாள். நன்றாக இருந்த காலர். மறுபடியும் தேய்த்தாள்.

பறவைக் கடைக்காரரிடம் போனாள். அவர் ஒரு கிளிக்குத் தீனி வைத்தபடியே கேட்டார்.

"ஜன்னலத் திறந்து வைப்பீங்களா?"

"தினமும் திறப்பேன். ஆனா அன்னிக்கு..."

"அதான் பாத்தீங்களா! காத்து பட்டிருக்கு. சில்லுனு ஒரு வீச்சு போதும், இதுங்களுக்கு."

"இல்லீங்க, அன்னிக்கு..."

"அடுத்ததையாவது பத்திரமா பாத்துக்குங்க."

வீட்டில் புருஷனிடம் ஆரம்பித்தாள். "அன்னிக்கு மழை. ஜன்னலச் சாத்தித்தான்..."

"எங்கயாவது இடுக்கு இருந்திருக்கும். கடைக்காரர் நாள் பூரா குருவியோட இருக்கறவர். அவருக்குத் தெரியாதா?"

பஸ் ஓட்டுகிறவனுக்கு எல்லாப் பேச்சுக்கும் ஒரு கடைசி நிறுத்தம் உண்டு. அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவான்.

செய்தி மாடிக்கும் ஏறியது. நாத்தனார் இறங்கி வந்தாள். "பாவம் அண்ணி, ஆசையா வளத்து நீங்களே காத்துக்குக் குடுத்துட்டீங்களே." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் திட்டவாவது செய்யலாம்.

விடுமுறை நாளில் புருஷன் இரண்டு பொருளோடு வந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் ஷீட். மறு கையில் துளைபோட்ட அட்டைப் பெட்டி.

"அச்சு அசல் அதே மாதிரி. பாரு."

"நான் கேட்டேனா?"

"கேட்டாத்தான் வாங்கணுமா?"

"அது ஏன் செத்துச்சுன்னே தெரியல. அதுக்குள்ள இன்னொண்ணா? இதுவும் செத்தா?"

"அதான் தெரிஞ்சுபோச்சே." ஷீட்டை ஜன்னலில் விரித்து நாலு பக்கமும் ஆணி அடித்தான். "இனிமே ஊசி முனைக் காத்து வராது."

புதுக் குருவிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. அதுவும் பாடவில்லை. ஆவிச் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்கும், அவ்வளவுதான். அதன்மேல் எரிச்சல் வந்தது. அது என்ன பாவம் செய்தது என்று தன்மேலும் வந்தது.

அந்த வாரத்துக் கோட்டுகள் வந்தன. ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள் போடும் கறுப்புக் கோட்டு. சூடான இரும்பு நேராகப் பட்டால் கறுப்புத் துணி பளபளத்து, பழசு மாதிரி ஆகிவிடும். மேலாளர் ஒருமுறை முகத்தைச் சுளித்திருந்தார். அதற்காகவே இஸ்திரிப் பெட்டியின் அடியில் மாட்டும் தகடு ஒன்று வாங்கியிருந்தாள். நான்ஸ்டிக் பூச்சுப் போட்டது. கோட்டுக்கு மட்டும் மாட்டுவாள். இது இரண்டாம் முறை.

துணியில் ஈரம் இருந்தது. சாயங்காலத்துக்குள் வேண்டும். சூட்டுக் குமிழைக் கடைசி வரை திருப்பினாள்.

சில கோட்டுகள் முடிந்தன. கூண்டில் தத்துகிற சத்தம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். குருவி இறகைச் சிலிர்த்துப் பந்துபோல உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. அலகு திறந்திருந்தது.

அதே அலகு.

ஜன்னலைப் பார்த்தாள். ஷீட் அசையவில்லை. காற்று இல்லை. பின்னே அறைக்குள் என்னதான் இருக்கிறது? மூச்சை இழுத்தாள். புது நான்ஸ்டிக் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் வருமே, அந்த வாசனை, லேசாக. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அன்றைக்கும் இதே தகட்டை மாட்டிக் கோட்டுதான் தேய்த்தாள். அன்றைக்கும் அறை மூடியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். கூண்டோடு கொக்கியைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

படியில் நாத்தனார். "ஐயோ அண்ணி, வெளிய காத்து அடிக்குது! கொன்னுடாதீங்க!"

"வழிய விடு!"

தெருமுனையில் காற்று கூண்டையே ஆட்டியது. குருவி கம்பியைப் பற்றிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியது. அவள் கூண்டை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். தோள் வலித்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அலகு மூடியது. பிறகு திறந்தது. பிறகு மூடியே இருந்தது.

பின்னாலேயே வந்த நாத்தனார் முணுமுணுத்தாள். "காத்து ஆகாதுன்னாங்களே அண்ணி."

இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்த திட்டு தொண்டை வரை வந்தது. கடைக்காரருக்கு, புருஷனுக்கு, இவளுக்கு என்று பங்குபோட்டு வைத்தது. ஆனால் தகட்டை வாங்கியது அவள். மாட்டியது அவள். குமிழைத் திருப்பியதும் அவள். திட்டு போக இடமில்லாமல் உள்ளேயே நின்றது.

"இதை மாடியில வச்சுக்கோ. கீழ வேண்டாம்" என்று கூண்டை நீட்டினாள்.

புருஷன் வந்தபோது ஷீட் கிழிந்து தொங்கியது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. அவள் கோட்டின் மேல் ஈரத் துணியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்படித் தேய்த்தாலும் பளபளப்பு விழாது. நேரம்தான் இரண்டு மடங்கு.

"ஏன் கிழிச்சே? காத்து..."

"அன்னிக்கு ஜன்னல் மூடியிருந்துச்சு."

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, சொல்லு."

இத்தனை நாள் முடிக்கவிடாத பேச்சு. இப்போது முடிக்க அவளுக்கு மனமில்லை. மேசை ஓரத்தில் கிடந்த தகட்டை விரலால் தள்ளினாள்.

"இது சூடானா வர்ற புகைதான். நான்தான் மாட்டினேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், நீ வேணும்னா செஞ்சே..."

"ஆறுதல் சொன்னீங்கன்னா, இந்தப் பெட்டிய உங்க மேலயே வச்சிருவேன்."

அவள் துணியை நனைத்துப் பிழிந்து அடுத்த கோட்டின் மேல் விரித்தாள். பெட்டி புஸ்ஸென்றது. அவள் கை தானாக நின்றது. பாட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினாள்.