பேர் பிடிக்கப் போனவன்

"ஏம்ப்பா, நீ செத்துப்போயாச்சே!" என்றார் குமாஸ்தா.

பம்பாய்த் துறைமுகத்து வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் சர்க்கார் மேஜை போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற நாற்பது பேரும் பேரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மாட்டுங்காவிலிருந்து வரும் மகாதேவன். தமிழ் ஆட்களைப் பதிவதற்கென்றே அவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் விரல் ஒரு காகிதத்தின் நடுவில் நின்றது. அன்று எனக்கு எழுத்துத் தெரியாது. விரல் நின்ற இடத்தில் என் பேர் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி தளவாய் சிரித்தான். "பேரே பூதத்தான்லா சாமி. பொதச்சாலும் எந்திரிச்சு வேலைக்கு வந்துருவான்."

"சிரிக்காதேயும். கப்பல் வெடிச்ச அன்னிக்குக் கார்த்தால உள்ள போயிருக்கான். வெளில வரல்லே. இவன் ஆம்படையா வந்து கைநாட்டு வச்சு, நிவாரணத்துக்கும் எழுதிக் கொடுத்தாச்சு. மாசாமாசம் அரிசி, கைச்செலவுக்குப் பணம். இடுப்புல ஒரு பொண் கொழந்தை. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கே."

எனக்கும் என் பெண்சாதி கோமதிக்கும் பிள்ளை இல்லை.

அந்தக் குழந்தை யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் அடுத்த வீட்டுச் செல்லப்பாண்டியின் மகள். அப்படியானால் கைநாட்டு வைத்தவள் அவன் பெண்சாதி சொர்ணம்மாள். என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள்.

எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. துறைமுகத்துக் கூலிக்குப் பித்தளை வில்லை ஒன்று உண்டு, நம்பர் அடித்தது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அதனால் காய்ச்சலில் விழுந்தவன் தன் வில்லையை வேலையில்லாத ஒருவனிடம் கொடுத்து அனுப்புவான். போகிறவன் கூலியை எடுத்துக்கொள்வான், அனுப்பியவனுக்குப் பேர் நிற்கும். பேர் பிடிக்கப் போகிறது என்று அதற்குச் சொல்லுவோம். யுத்த காலத்தில் இது தெரிந்தால் ஜெயில். தளவாய்க்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பான். சித்திரை பிறந்த அந்த வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். தோல் கிட்டங்கியில் வேலை போய்ச் சும்மா இருந்த செல்லப்பாண்டியைக் கூப்பிட்டு வில்லையைக் கொடுத்தேன். "ஒரு நாள்தான மச்சான், ஒம்ம பேர அழுக்காக்காம கொண்டாந்துருதேன்" என்று சட்டையில் குத்திக்கொண்டு போனான். சாயங்காலம் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. தாராவியில் கம்பளிக்குள் கிடந்த என் தலைக்கு மேல் கூரைத் தகரம் குதித்தது. செல்லப்பாண்டி திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் துறைமுகமே இல்லை. கூலி இல்லை, கூலிக்காரனை நம்பியிருந்த கடைக்கும் வியாபாரமில்லை. சந்தில் பாதி அடுப்பு எரியவில்லை. அப்புறம்தான் சர்க்கார் பணத்தை இறக்கியது. சாம்பலை அள்ள ஆள், இரும்பை அறுக்க ஆள், சுவரைத் திரும்பக் கட்ட ஆள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். தினக்கூலி, மத்தியானம் சோறு. அந்தப் பணம் எங்கள் சந்துக்குள் எப்படியெல்லாம் நுழைந்தது என்று, காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில் நான் படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். குர்லாப் பட்டறைகளில் மண்வெட்டி அடிக்கப் போன ஆட்கள் விடிவதற்குள் கிளம்பினார்கள். சுடுகிற இரும்பைப் பிடிக்க உள்ளங்கை உறை வேண்டும் என்று ஆர்டர் வந்து, அப்துல் வாஹித் பாய் கழிவுத்தோலில் தைத்துத் தைத்துக் குவித்தார். பத்துப் பெண்களுக்கு அதில் கஞ்சி கிடைத்தது. அடகுக்குப் போன குடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டீக்கடை நாகூர் மீரான் இரண்டு புது பெஞ்சு போட்டான். "அல்லா மன்னிக்கணும் அண்ணாச்சி, அத்தன பேரு செத்த எடம். ஆனா கட ஆரம்பிச்சதுலேர்ந்து இப்பத்தான் பால்காரனுக்குப் பயப்படாம தொறக்குதேன்" என்று சொல்லி, சொன்னதற்கு வெட்கப்பட்டு டம்ளரைத் துடைத்தான்.

எனக்கும் அந்த வேலை வேண்டும். இனி வட்டிக்காரன்கூடத் தரமாட்டான். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பது பெரிய காரியமில்லை, தளவாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் உயிரோடிருந்தால் அந்தக் குழந்தையின் அரிசி நின்றுவிடும். கூடவே வில்லையைப் போட்டுப் போனவன் யார் என்ற கேள்வி வரும். செல்லப்பாண்டி உள்ளே போனதற்கு எங்கேயும் எழுத்து இல்லை. எழுத்தில் இல்லாதவனுக்குச் சாவும் இல்லை.

"என்னப்பா, வாயத் தொற. நீ யாரு?"

"செல்லப்பாண்டி, சாமி."

தளவாயின் சிரிப்பு பாதியில் நின்றது.

"முன்ன பூதத்தான்னியே?"

"அவன் என் சேக்காளி. அவன் பேரு இருக்கான்னு கேட்டேன்."

மகாதேவன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வளைந்து போகிற வரிசையைப் பார்த்தார். பேரை எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது கோமதி முதலில் வேலை கிடைத்ததற்குத்தான் சிரித்தாள். மிச்சம் புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்ப நான் யாரு? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ எப்படி ஒம்ம பொண்டாட்டியாவா?"

நான் தடுப்பதற்குள் அடுத்த வீட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சொர்ணம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கோமதி கேட்டதற்கு ஊட்டுகிற கையை நிறுத்தவில்லை, மறுக்கவும் இல்லை.

"அவுக பேரச் சொன்னேன் மதினி. அப்படி ஒரு ஆளே உள்ள போகலன்னுட்டாக. செத்தது பூதத்தான்தான், நீ அவனுக்கு என்ன வேணும்னு கேட்டாக. புள்ள ரெண்டு நாளாப் பட்டினி. சொல்லிட்டேன்."

"சொன்ன நாக்கு இன்னும் அழுகலயா?"

"அழுகட்டும்." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அண்ணே, ஒங்க பேரத்தான் சாகடிச்சேன். ஒங்கள இல்ல."

கோமதி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாலியக் கழட்டி வச்சுட்டா ஆபீசுக்குப் போனே?"

"அதெப்படி மதினி கழட்டுவேன்? சேலைக்குள்ள சொருகிக்கிட்டேன். அவுக இருக்காகல்லா. ஆஸ்பத்திரில பேரு மறந்து கெடப்பாகளோ என்னமோ."

கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சொர்ணத்தின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, தானே குழந்தைக்கு ஊட்ட ஆரம்பித்தாள். வேலைக்கு எந்தப் பேரைக் கொடுத்தேன் என்று சொர்ணத்திடம் நானும் சொல்லவில்லை, கோமதியும் சொல்லவில்லை. புருஷன் வருவான் என்று இருக்கிறவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

பன்னிரண்டு நாள் செல்லப்பாண்டியாகச் சாம்பல் அள்ளினேன். எரிந்த பருத்தி, உருகிய ஆணி, கருகிய பேரீச்சம்பழ மூட்டை. மண்வெட்டி மெத்தென்று எதிலாவது இறங்கினால் கையை நிறுத்திவிடுவேன். பக்கத்து ஆள் குனிந்து பார்த்து, "பஞ்சுதான் வே" என்ற பிறகுதான் மறுபடி அள்ளுவேன். காலையில் பேர் கூப்பிடும்போது தளவாய் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பதின்மூன்றாம் நாள் கூடை தூக்கப் பெண்களையும் எடுத்தார்கள். சொர்ணத்தைக் கோமதியே கூட்டிக்கொண்டு வந்தாள், குழந்தையை வாஹித் பாய் வீட்டில் விட்டுவிட்டு. வாசலில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இருவரும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு, கூடையைப் பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இதை எப்படி நினைக்காமல் இருந்தேன் என்று எனக்கு உறைத்தபோது, தளவாய் நோட்டை விரித்துவிட்டான்.

"செல்லப்பாண்டி!"

சொர்ணத்தின் கூடை கீழே விழுந்தது. அவள் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. ராத்திரி வேலை முடிந்த ஆட்கள் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலை, இமை, உதடு எல்லாம் சாம்பல் படிந்து ஒரே மாதிரி இருந்தார்கள். அவள் வாசலுக்கு நேரே போய் நின்று, கடந்து போகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

தளவாய் இரண்டாவது தடவை கூப்பிட்டான். கோமதி என்னைப் பார்த்தாள். சொர்ணம் ஒருவனுடைய தோளைப் பிடித்து நிறுத்தி, முந்தானையால் அவன் முகத்துச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.